நலமாக இருக்கும் நாளின் மூச்சு

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் உங்களுக்காகத்தான்.

பிறவியிலேயே நெஞ்சுக்கூடு வேறு வடிவில் அமைந்த பிள்ளைக்கு வைரஸால் சளியும் காய்ச்சலும் வந்தால் உள்ளே என்ன நடக்கிறது, அதை வெளியிலிருந்து நாம் எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் பொருள். இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நெஞ்சு நடுவில் சிறு பள்ளம் இருக்கிற பையன் ஒருவன் வருகிறான். வேறு எந்தக் குறையும் இல்லை, ஓடுகிறான், பந்து விளையாடுகிறான். ஆனால் அவன் தும்மினால் வீடே கலங்குகிறது. ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு இருமலுக்கும் எக்ஸ்ரே. இன்னொரு பக்கம், விலா எலும்புகள் குட்டையாகி நெஞ்சே ஒடுங்கிப் பிறந்த கைக்குழந்தை. சளி பிடித்து இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை. "சாதாரண சளிதாம்மா, சரியாயிடும்" என்று ஒரு சொட்டுமருந்தோடு அதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாத வீட்டில் பயம், பயப்பட வேண்டிய வீட்டில் அசட்டை. இரண்டையும் என் வெளிநோயாளர் அறையில் மாறி மாறிப் பார்க்கிறேன்.

முதலில் பயத்தைக் குறைக்கிறேன். பிறவி நெஞ்சுக்கூட்டுக் குறைகளில் மிகப் பெரும்பான்மை, நடு நெஞ்செலும்பு உள்ளே அமிழ்ந்திருப்பது. மருத்துவத்தில் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என்பார்கள். ஏறத்தாழ 300, 400 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். அடுத்தது நெஞ்செலும்பு முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது, நம் ஊரில் புறா நெஞ்சு, கோழி நெஞ்சு என்கிறோம். ஒரு பக்க மார்புத் தசையே இல்லாமல் பிறப்பது போலந்து நோய்க்குறி. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் போலந்து 1841இல் அதை எழுதிவைத்தார். இந்த மூன்று வகைகளிலும் பெரும்பாலான பிள்ளைகளின் நுரையீரல் வேலை இயல்பாகவோ, இயல்புக்குச் சற்றே குறைவாகவோ இருக்கிறது. வைரஸ் உடலுக்குள் நுழைவது மூக்கும் தொண்டையும் கண்ணும் வழியாக. நெஞ்சில் பள்ளம் இருப்பதால் அது கூடுதலாக ஒட்டிக்கொள்வதில்லை. அந்தப் பையனுக்கு வரும் சளி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரும் அதே சளி. அதற்கான அதே கவனிப்புப் போதும்.

நான் கவலைப்படுவது வேறு பிள்ளைகளைப் பற்றி. விலா எலும்புகள் குட்டையாகி, நெஞ்சு குறுகி, மணி கவிழ்த்த வடிவில் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த மாத்தீஸ் ஜூன் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் 1955இல் விவரித்ததால் ஜூன் நோய்க்குறி எனப்படுகிறது. ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்று போல அரிது. விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறப்பவர்கள், முதுகெலும்பின் கணுக்கள் பாதியாகவோ ஒட்டியோ உருவானதால் கருவிலேயே முதுகு வளைந்தவர்கள், விலாக்களே சில இல்லாதவர்கள், இவர்களும் இந்த வரிசைதான். நெஞ்சுக்கூடு மூச்சையும் தாங்கவில்லை, நுரையீரல் வளரவும் இடம் தரவில்லை என்ற நிலை இவர்களுக்கு வருகிறது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ராபர்ட் கேம்ப்பெல் என்ற எலும்பு மருத்துவர்தான் இதைத் தனியொரு நிலையாக எடுத்துக்காட்டி, மார்புக்கூட்டுப் போதாமை என்று பெயர் கொடுத்தார்.

நெஞ்சு எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று பாருங்கள். பிறந்த குழந்தையின் நெஞ்சுக் கொள்ளளவு வளர்ந்த மனிதனுடையதில் ஆறு ஏழு சதவீதம்தான். 5 வயதில் 30 சதவீதம், 10 வயதில் பாதி. நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகின்றன, அதிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மிக வேகமாக. அதே இரண்டு ஆண்டுகளில்தான் குழந்தைக்கு வைரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகமாகின்றன. இடம் போதாத நெஞ்சு, வளர வேண்டிய நுரையீரல், முதன்முதலாக வரும் வைரஸ். மூன்றும் ஒரே காலத்தில் வந்து கூடுவதுதான் இந்தக் குழந்தைகளின் ஆபத்து.

மூச்சு எப்படி நடக்கிறது? நெஞ்சுக்கூடு ஒரு கொல்லன் துருத்தி மாதிரி. விரிந்தால் காற்று உள்ளே வரும், சுருங்கினால் வெளியே போகும். விறைத்துப்போன துருத்தியை முழுக்க விரிக்க முடியாது. அப்போது உடல் என்ன செய்யும்? சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக எடுக்கும். அதுதான் செலவு குறைந்த வழி என்று உடல் கண்டுகொள்கிறது. ஆனால் அதில் ஒரு நட்டம் மறைந்திருக்கிறது. அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் ஒவ்வொரு மூச்சிலும் ஒரு பகுதி காற்று மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிட்டுத் திரும்புகிறது. ரத்தத்தைத் தொடுவதே இல்லை. வளர்ந்தவருக்கு அது சுமார் 150 மில்லி. ஒருவர் மூச்சுக்கு 500 மில்லி வீதம் நிமிடத்துக்கு 12 முறை இழுக்கிறார். மொத்தம் 6,000 மில்லி. வழியில் தங்கும் 1,800ஐக் கழித்தால் 4,200 மில்லி ரத்தத்துக்குப் பயன்படுகிறது. இன்னொருவருக்கு நெஞ்சு விரியவில்லை. மூச்சுக்கு 250 மில்லிதான், ஆனால் நிமிடத்துக்கு 24 முறை. இவரும் அதே 6,000 மில்லியைத்தான் இழுக்கிறார். வழியில் தங்குவதோ 3,600. மிஞ்சுவது 2,400. இருவரும் ஒரே அளவு காற்றுக்காக உழைக்கிறார்கள், ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே மேல். வேகமாக மூச்சு வாங்குகிற பிள்ளை "நல்லாத்தானே மூச்சு விடுது" என்று தோன்றுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

கைக்குழந்தைக்கு இன்னும் இரண்டு பாரம். விலா எலும்புகள் அந்த வயதில் படுக்கையாக, குருத்தாக இருப்பதால் மூச்சு முழுவதும் வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானத்தை நம்பித்தான் நடக்கிறது. சளைக்காமல் உழைக்கும் வகைத் தசைநார்கள் வளர்ந்தவரின் உதரவிதானத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கால் பங்குதான், குறைமாதக் குழந்தைக்கு அதைவிடவும் கொஞ்சம். ஆகவே களைத்துப்போவது சீக்கிரம் நடக்கும். தூக்கத்தின் கனவுக் கட்டத்தில் விலாத் தசைகள் தளர்ந்துவிடும். அந்த நேரம் உதரவிதானம் தனியாளாக நிற்கிறது. பகலெல்லாம் ஓரளவு சமாளித்த குழந்தை நள்ளிரவுக்கு மேல் மோசமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நெஞ்சுக்குள்தான் வைரஸ் வருகிறது. ரைனோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, பாரா இன்ஃப்ளூயன்சா, மெட்டாநியூமோ வைரஸ், கொரோனா என்று பட்டியல் நீளும். நான் ஒன்றின்மீது மட்டும் நிற்கிறேன். ஆர்எஸ்வி என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. 1956இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது கண்டுபிடித்தார்கள், பிறகுதான் அது குழந்தைகளின் வைரஸ் என்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இரண்டு வயதுக்குள் ஒரு முறையாவது தொட்டுவிடும். உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 3.3 கோடி முறை கீழ்ச்சுவாசத் தொற்றையும், ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மரணங்களையும் அது உண்டாக்கியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில் நடந்தவை. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. இவற்றில் பெரும்பகுதி ஆக்சிஜனும் கவனிப்பும் நேரத்தில் கிடைத்திருந்தால் தவிர்க்கக்கூடியவை.

ஆர்எஸ்வி நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்குள்ள செல்கள் உதிர்ந்து, கோழையோடு சேர்ந்து அடைக்கின்றன. குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாக முடிகிற ஒரு மில்லிமீட்டர் வீக்கம் கைக்குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினையாவது இதனால்தான். சளி தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மூச்சுத் திணறல் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். இந்த நாட்கணக்கை மனத்தில் வையுங்கள். முதல் நாள் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொன்ன மருத்துவரிடம் நான்காம் நாள் மறுபடி போக நேர்ந்தால் அவர் பிழை செய்தார் என்று பொருளில்லை, நோயின் போக்கு அது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. நோயைக் கண்டுபிடிக்க நாம் நம்புகிற கண்ணும் எக்ஸ்ரேயும் விரலில் மாட்டும் கருவியும், இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் நம்மை ஏமாற்றுகின்றன.

கண்ணிலிருந்து தொடங்குவோம். நிமோனியாவைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லித்தந்த எளிய வழி உங்களில் செவிலியராக இருப்பவர்களுக்கு மனப்பாடம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினால் வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் இன்னும் கவனம் தேவை. எக்ஸ்ரே இல்லாத ஊர்களில் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த வழி இது, நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பிறவியிலேயே நெஞ்சு உள்வாங்கியிருக்கும் குழந்தையிடம் இதை எப்படிப் பார்ப்பீர்கள்? நெஞ்சு குறுகிய இரண்டு வயதுப் பிள்ளை நலமாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 44 முறை மூச்சு விடலாம். அதை ஒரு முறை பார்ப்பவர் நிமோனியா என்பார். நூறு முறை பார்த்த தாய், "டாக்டர், இவனுக்கு எப்பவும் இப்படித்தான்" என்பார். உண்மையிலேயே நோய் வந்த நாளிலும் அதே "எப்பவும் இப்படித்தான்" எல்லோர் கண்ணையும் மறைத்துவிடும். நிலையான பள்ளம் நடு நெஞ்சில் இருக்கும், மூச்சோடு அதிகம் அசையாது. புதிதாக வரும் உள்வாங்கல் விலா விளிம்புக்குக் கீழும், விலாக்களுக்கு இடையிலும், கழுத்தெலும்புக்கு மேலும், ஒவ்வொரு மூச்சுக்கும் தெரியும். இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய ஒரே வழி, நலமாக இருந்த நாளில் அந்த நெஞ்சு எப்படி அசைந்தது என்று தெரிந்திருப்பது.

வளர்ந்த பையன்களிடம் வேறு தொல்லை. அவர்கள் நெஞ்சையே காட்டுவதில்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே கோயிலுக்கு வர மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிணற்றுக் குளியலைத் தவிர்க்கிறார்கள், காய்ச்சலோடு வந்தாலும் சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிடச் சொல்கிறார்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் சரி என்கிறார். மருத்துவ மாணவர்களே, கதவைச் சாத்தி, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். சட்டையைக் கழற்றுவான்.

அடுத்தது எக்ஸ்ரே. நெஞ்செலும்பு உள்ளே அமிழ்ந்திருந்தால் இதயம் இடப்பக்கம் தள்ளப்படும். முன்புறத் திசுக்கள் வலப்பக்கம் குவிந்து, படத்தில் இதயத்தின் வலது விளிம்பு மங்கிவிடும். வலது நுரையீரலின் நடு மடலில் நிமோனியா இருந்தாலும் அதே விளிம்பு அதே மாதிரி மங்கும். இருமலும் காய்ச்சலுமாக வந்த பிள்ளையின் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் நிமோனியா என்றுதான் தோன்றும். ஆன்டிபயாடிக் தருகிறார்கள், வைரஸ் தானாக அடங்குகிறது, மருந்தால் சரியானது என்று எழுதிவைக்கிறார்கள். மறுபடி எடுத்தால் நிழல் அங்கேயே இருக்கிறது. உடனே காசநோய்ப் பரிசோதனை, சிடி ஸ்கேன், வீட்டில் அழுகை. அந்த நிழல் பிறந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. பின் விலாக்கள் படுக்கையாகவும் முன் விலாக்கள் செங்குத்தாகவும் இறங்குவதைக் கவனித்தால் முன்பக்கப் படத்திலேயே பள்ளத்தை ஊகிக்கலாம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் ஐயமே இல்லை. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை நன்றாக இருந்தபோது எடுத்த பழைய படத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். புதிய படத்தைவிடச் சில நேரம் அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் இதன் தத்துவத்தைக் கண்டார். அவர் காலமானது 2020 ஏப்ரலில். அவருடைய கருவி நம் ஊர் வீடுகளுக்குள் வந்ததும் அந்த ஆண்டில்தான். அருமையான கருவி, ஆனால் அது ரத்தத்தின் ஆக்சிஜனை மட்டுமே சொல்லும். கரியமில வாயு வெளியேறுகிறதா என்பது அதற்குத் தெரியாது. நெஞ்சு விரியாதவர்களின் முதல் தொல்லையே கரியமில வாயு தேங்குவதுதான், சற்று முன் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒருவருக்குக் கணக்கில்லாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் திரையில் 99 காட்டும். மூச்சு மந்தமாகி உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். பிள்ளை அமைதியாகும். மூன்று நாளாகத் தூங்காத தாய், "இப்பதான் நல்லா தூங்குறான்" என்று நிம்மதியாவார். அது தூக்கம் ஆகாது, மயக்கத்தின் தொடக்கம். எழுப்பினால் எழுகிறானா, பேசினால் கண் திறந்து பார்க்கிறானா, கை வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தலைவலி என்கிறானா என்று பாருங்கள். ஆக்சிஜன் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. அளவோடு கொடுத்து, ரத்த வாயுப் பரிசோதனையும் செய்யுங்கள் என்கிறேன். நெஞ்சுக்கூடு கடுமையாகக் கோணிய வயதுவந்தவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பது பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். குழந்தைகளுக்கு அந்த எண்ணை அவரவர் மருத்துவர் நிர்ணயிக்க வேண்டும். இவர்களுக்கு உண்மையான உதவி பெரும்பாலும் முகமூடி வழியே அழுத்தம் தந்து மூச்சை ஏந்திக்கொள்ளும் பைபாப் போன்ற கருவிகள்தாம். முன்கூட்டித் தொடங்கினால் வென்டிலேட்டர் வரை போகாமலே திரும்பலாம்.

சிறிய ஆனால் அடிக்கடி தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையில் இயல்பான அளவை உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முதுகு வளைந்த பிள்ளையின் உயரம் குறைந்துபோயிருக்கிறது, அதனால் எதிர்பார்க்கும் அளவும் குறைந்து, நுரையீரல் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்த நீளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு தாள். பிள்ளை நலமாக இருக்கும் ஒரு நாளில் அதை எழுதி வையுங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விழித்து அமைதியாக இருக்கும்போது எத்தனை, இதயத் துடிப்பு எவ்வளவு, ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது, எடை, விரித்த கைகளின் நீளம், நெஞ்சுக்கூட்டுக் குறையின் பெயர், கடைசி எக்ஸ்ரேயின் தேதி. கைபேசியில் சட்டையில்லாமல் ஒரு நிமிட வீடியோ. கரியமில வாயு ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் பிள்ளையென்றால் அதைப் பெரிய எழுத்தில். நள்ளிரவில் புதிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில், உங்கள் பிள்ளையை முன்பின் பார்க்காத ஓர் இளம் மருத்துவரின் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால், எந்த ஸ்கேனும் சொல்லாததை அவர் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வார். நேற்று 36, இன்று 58 என்ற இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அவருடைய முடிவு இருக்கிறது.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு எண்ணும் சேர்க்கலாம், இருமலின் வேகம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் முகமூடி பொருத்தி இருமச் சொன்னால் தெரிந்துவிடும். நலமான வயதுவந்தவருக்கு நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் இருக்கும். தசை பலவீனமானவர்களிடம் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த அனுபவம், 270க்குக் கீழே இருப்பவர் சளி பிடித்த நாட்களில் கோழையை வெளியேற்ற முடியாமல் தடுமாறுவார், 160க்குக் கீழே போனால் இருமல் இருந்தும் பயனில்லை என்கிறது. இருமலுக்கு முதலில் ஆழமான மூச்சு வேண்டும், விரியாத நெஞ்சுக்கு அதுதானே முடியவில்லை. இத்தகையோருக்குக் கையால் அமுக்கும் ஆம்பு பையால் மூச்சை அடுக்கடுக்காக ஏற்றி இருமவைக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். நோயில்லாத நாட்களில் கற்றுக்கொண்டால்தான் நோய் நாளில் கைகொடுக்கும்.

வீட்டுப் பழக்கங்களுக்கு வருகிறேன். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயை வைத்து ஊதிச் சளி எடுப்பதும், நெஞ்சை அமுக்கி உருவிவிடுவதும் இன்னும் நடக்கின்றன. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே அதைக் கரைக்க வழியில்லை. எண்ணெய் நிமோனியா என்றே ஒரு நோய் உண்டு, தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் அதை நன்கு அறிவார்கள். நெஞ்சைப் பிதுக்கினால் பள்ளம் நிமிராது, குருத்து விலாக்கள் வலிக்கும், அவ்வளவுதான். குளித்த பிறகு காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், விறகடுப்பு, அப்பாவின் பீடி, இவை எல்லாம் சிறுகுழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறந்துவிடுகின்றன. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவது தீக்காயத்தில் முடியும். அன்பு குறைந்த பாட்டி யாரும் இதைச் செய்வதில்லை, அந்த அன்பை உப்புநீர்ச் சொட்டால் மூக்கைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பதில் காட்டலாம். கைக்குழந்தைகள் மூக்கால்தான் மூச்சுவிடுவார்கள். மூக்கடைப்பு நீங்கினாலே பாதி உழைப்பு குறையும். வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, முனகுகிறது, உதடு நீலம், மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் யாரிடமும் யோசனை கேட்காமல் கிளம்புங்கள்.

ஆர்எஸ்வியால் வரும் சிறுகுழாய் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. ஸ்டீராய்டும், சால்பியூட்டமால் நெபுலைசரும் வழக்கமாகத் தருவதில் பயனில்லை என்பதும் உறுதியாகத் தெரிந்த விஷயம். இருந்தும் புகை வந்தால்தான் வைத்தியம் நடந்ததாக மனம் ஒப்புகிறது. சளி மருந்துகளில் பரவலாக விற்கும் குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. கடையில் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தடுக்கக்கூடியதைத் தடுப்போம். ஆறு மாதம் நிறைந்த பிறகு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடலாம். ஒன்பது வயதுக்குள் முதன்முறையென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதோடு நிறுத்த வேண்டாம். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ ஏறுகிறது, அதற்கு முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ள பெரியவர்களும் போட்டுக்கொண்டால் பிள்ளையைச் சுற்றி ஒரு வேலி. வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பின்னாலேயே நிமோகாக்கஸ் பாக்டீரியா வரும், அதற்கான தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு அட்டவணையில் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம், இவற்றைத் தவறவிடாதீர்கள். ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் நெஞ்சு குறுகிய பிள்ளைக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் முதல் 48 மணி நேரத்துக்குள் ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்க வேண்டும். ஆர்எஸ்விக்கு நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப்புரத ஊசி 2022இல் ஐரோப்பாவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஒரே ஊசி ஐந்து மாதம் வரை காக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் 2023இல் வந்துவிட்டது. இவை யாருக்கு முதலில் சேர வேண்டும் என்று கேட்டால், மார்புக்கூட்டுப் போதாமையோடு பிறந்த குழந்தைகளுக்கு என்பேன். அரசு இதைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளத்தை நிமிர்த்த நெஞ்செலும்புக்கு அடியில் வளைந்த உலோகப் பட்டையைச் செலுத்தும் முறையை அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் 1987இல் தொடங்கி, 1998இல் வெளியிட்டார். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள். ஒட்டிய விலாக்களைப் பிரித்து விரிக்கும் டைட்டானியம் விலாவை கேம்ப்பெல் உருவாக்கினார், அமெரிக்க அரசு அதை 2004இல் ஏற்றது. அறுவை நாளுக்கு முன் சளி பிடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிப்போடுவது நல்லதற்குத்தான், மயக்கமருந்தின்போது எரிச்சலடைந்த மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். சளியே வராமல் இருக்க அறுவை செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்காக வேண்டாம்.

கடுமையான குறையோடு பிறந்தவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் புவேர்ட்டோ ரிகோ தீவிலிருந்து ஒரு பதில். விலாக்கள் எல்லாம் முதுகெலும்பருகே ஒட்டி, நண்டு வடிவில் விரியும் ஒரு மரபுநோய் அங்கே அதிகம். குழந்தைகளில் பலர் முதல் மாதங்களிலேயே மூச்சுத் தொற்றால் இறந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தைத் தாண்டியவர்களைப் பின்னாளில் பரிசோதித்தபோது, நுரையீரல் கொள்ளளவு இயல்பில் கால் பங்கை ஒட்டியே இருந்தும் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். முதல் சில ஆண்டுகளின் சளிக்காலங்களைக் கடத்திவிடுவதற்கு இவ்வளவு பாடுபடச் சொல்வது அதனால்தான். ஜூன் நோய்க்குறிக் குழந்தைகளுக்கும் வயது ஏற ஏற நெஞ்சு ஓரளவு இடம் தருகிறது. அதன் பிறகு சிறுநீரகத்தையும் கண்ணையும் தொடர்ந்து பார்த்து வர வேண்டும்.

கடைசியாக, உலோகப் பட்டை பொருத்திய பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒன்று. எந்தக் காரணத்தாலாவது இதயம் நின்று நெஞ்சை அழுத்த நேர்ந்தால், பட்டை இருந்தாலும் அழுத்தத்தான் வேண்டும், வழக்கத்தைவிடக் கூடுதல் விசையோடு. மின்னதிர்ச்சித் தட்டுகளில் ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றை முதுகிலும் வைக்க வேண்டும். நான் சொன்ன அந்தத் தாளின் முதல் வரியில் இதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன், சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுடையதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.